வந்து உட்கார்ந்திருந்தவரை ‘வரவில்லை’ என்று பதிந்தது குறித்து

அனுப்புநர்:
நோயாளியின் தங்கை மகள்,
பாட்டில் தொழிற்சாலை, பரிசோதனைப் பிரிவுத் தொழிலாளி,
நோயாளி வசிக்கும் அதே வீட்டில் வசிப்பவள்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கண் மருத்துவமனை,
மேல் தளம் (காத்திருப்புக் கூடத்துக்கு நேர் மேலே).

பொருள்: நேரில் வந்து காத்திருந்த நோயாளியை மூன்று முறையும் ‘வரவில்லை’ எனப் பதிந்து அவரது பதிவை முடக்கியது – எஞ்சியிருக்கும் இடது கண் பார்வையும் போய்க்கொண்டிருப்பது – இன்றே மருத்துவரிடம் அனுப்பக் கோருவது – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மையீர் (தங்கள் பெயர்ப் பலகையில் பதவி மட்டுமே இருப்பதால் இரண்டையும் எழுதுகிறேன்),

1. தங்கள் மருத்துவமனை பொய் சொல்கிறது. என் பெரியம்மா இங்கே மூன்று முறை வந்தார். மூன்று முறையும் கீழ்த்தளக் கூடத்தில், கடைசி வரிசையில், வழியை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று முறையும் தங்கள் செயலி ‘நோயாளி வரவில்லை’ என்று பதிந்திருக்கிறது. மூன்று முறை வராதவரின் பதிவு ஆறு மாதத்துக்கு முடக்கப்படும் என்பது தங்கள் விதி. அதன்படி அவருக்கு இப்போது மருத்துவரும் இல்லை, மருந்தும் இல்லை. அவருக்கு மிச்சம் இருப்பது ஒரு கண். அந்தக் கண்ணிடம் ஆறு மாதம் இல்லை.

2. இவள் கோபத்தில் எழுதுகிறாள் என்று தாங்கள் நினைக்கலாம். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். பாட்டிலில் கீறல் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் என் வேலை. இல்லாத கீறலை இருக்கிறது என்று சொன்னால் எனக்குச் சம்பளம் கிடையாது.

3. நோயாளி என் அம்மாவின் அக்கா. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர். ஒரு சினிமா தியேட்டரில், படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களைக் கையில் டார்ச் விளக்கோடு இருக்கைக்கு அழைத்துப் போகும் வேலையில் இருந்தார். அந்த வட்டாரத்தில் அவரை டார்ச்சக்கா என்றால்தான் தெரியும். “சத்தம் போடாம வாங்க, காலைப் பாத்து வைங்க, போனை அணைங்க சார்” என்ற மூன்றையும் ஒரே மூச்சில், யாருக்கும் வலிக்காமல், யாரும் மறுக்க முடியாமல் சொல்வார். அந்தத் தியேட்டர் மூடப்பட்டுவிட்டது. அதற்காக அழ நான் இங்கே வரவில்லை. எலி ஓடிய தியேட்டர், மூடியது நல்லதுதான். பின்னால் நடந்தது தங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

4. அவருக்கு வந்திருப்பது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய். பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் ஒரு வட்டம் மட்டும் இருக்கிறது. அதை அவர் சொன்ன விதம் இது: “டார்ச் அடிச்ச மாதிரி நடுவுல மட்டும் தெரியுதுடி. மத்ததெல்லாம் தியேட்டர் இருட்டு.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. பழகிய இருட்டு என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

5. தங்கள் மருத்துவமனை செயலிக்கு மாறுவதற்கு முன்பு அவரைக் கடைசியாகப் பார்த்த மருத்துவர், வயதில் சிறியவர், நல்லவர். அவர் சொன்னது: “போனது போயாச்சும்மா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்தை ஒரு நாள்கூட விடாதீங்க. அடுத்த தடவை வரும்போது ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாம்.” அந்த அடுத்த தடவைதான் இன்னும் வரவில்லை. எதையாவது வரவில்லை என்று பதிந்தே ஆக வேண்டும் என்றால், தாங்கள் அதைப் பதிந்திருக்கலாம்.

6. அப்போது கூடத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதன் பின்னால் ஓர் எழுத்தர் அம்மாள் இருந்தார். அவரைப் பற்றி உயர்வாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எதைக் கேட்டாலும் எரிந்து விழுவார். பெயரைத் தப்பாகக் கூப்பிடுவார். ஆனால் எரிந்து விழுவதற்கு அங்கே ஓர் ஆள் இருந்தார் என்பதை இப்போதுதான் உணர்கிறேன். தப்பான பெயராக இருந்தாலும் அவர் கத்தினால் தூங்குகிறவர்கூட எழுந்து நிற்பார். இப்போது அந்த ஜன்னலை அடைத்துச் சுவராக்கி, சுவரில் ஒரு நீலக் கண்ணை வரைந்திருக்கிறீர்கள். கண் அழகாக இருக்கிறது. அது யாரையும் பார்ப்பதில்லை.

7. தாங்கள் மேல் தளத்தில் இருப்பதால் கீழே உள்ள கூடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கதவு, போனில் வரும் க்யூ.ஆர். கட்டத்தைக் காட்டினால் திறக்கும். உள்ளே மங்கலான நீல வெளிச்சம். தரை விரிப்பு காலடிச் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. முன் சுவர் முழுக்க ஒரு திரை. அதில் மேகங்கள் மெதுவாக நகர்கின்றன. மேகங்களுக்கு நடுவே எண்கள் மிதந்து வந்து, கொஞ்சம் நின்று, கரைந்து போகின்றன. எங்கிருந்தோ ஒரு பெண் குரல், குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி, “உங்கள் பார்வை எங்கள் பொறுப்பு” என்கிறது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கால் தரையில் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. நாள் முழுக்க ஒளித்திரைக்கு முன்னால் நகரும் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, வீட்டில் கண்ணை மூடினால் எனக்குள் பாட்டில்கள் மிதந்து போகும். தங்கள் கூடத்தில் கண்ணைத் திறந்திருக்கும்போதே அப்படி இருக்கிறது. இங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்த எண்கள் தெரியாது. அவர்கள் மேகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் பெரியம்மா முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “படம் நல்லாத்தான் எடுத்திருக்காங்க. கதைதான் நகர மாட்டேங்குது.”

8. முதல் முறை நடந்தது. பெரியம்மாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். அதில் தங்கள் செயலி வேலை செய்யாது. ஆகவே என் போனில் அவரைப் பதிந்தேன். காலையில் கூட்டி வந்து, கதவைத் திறந்து, நாற்காலியில் உட்கார வைத்து, கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன். முறை வந்தால் கூப்பிடுவார்கள் என்று நாங்கள் இருவருமே நம்பினோம். மருத்துவமனை என்றால் கூப்பிடும் இடம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். முறை வரும்போது போனில் ஒரு செய்தி வரும், உடனே ‘வந்துவிட்டேன்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தாதவர் வராதவர் என்பது எங்களுக்குத் தெரியாது.

9. எங்கள் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆகவே ஐயா, என் பெரியம்மாவின் முறை ஊரின் இன்னொரு மூலையில், ஓர் இரும்புப் பெட்டிக்குள், என் செருப்புக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில் வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் சிணுங்கியது. பிறகு அடங்கிவிட்டது. சாயங்காலம் பெட்டியைத் திறந்தபோது செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன: உங்கள் முறை வந்துவிட்டது. உள்ளே வாருங்கள். காத்திருக்கிறோம். நீங்கள் வரவில்லை. உங்கள் நலனில் எங்களுக்கு அக்கறை உண்டு.

10. ஓடி வந்தேன். துப்புரவுப் பணியாளர் அவரைச் சுற்றி விரிப்பைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பெரியம்மா இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு அவருக்கு வழி விட்டிருந்தார். என் கையைத் தொட்டதும் சொன்னார்: “இன்னும் பேரு கூப்பிடலடி. பெரிய ஆஸ்பத்திரி இல்லையா, நேரமாகத்தான் செய்யும்.” தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. கழிவறைக்குப் போகும்போது பெயரைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று அவர் தண்ணீரே குடிக்கவில்லை.

11. இரண்டாம் முறை எச்சரிக்கையாக இருந்தோம். பரிசோதனைப் பிரிவுக்குள் ஒரே ஒரு நாள் போன் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். சூப்பர்வைசர் சொன்ன பதில்: “போன் உள்ள வேணும்னா நீ வெளிய இரு.” ஆகவே போனைப் பெரியம்மாவிடமே கொடுப்பது என்று முடிவு செய்தோம். பொத்தான் வரும் இடத்துக்குப் பக்கத்தில், விரலால் தடவிக் கண்டுபிடிக்க, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினேன். போன் அதிர்ந்ததும் பிளாஸ்திரியைத் தடவு, அதற்கு மேலே அழுத்து. இதை வீட்டில் திரும்பத் திரும்பப் பழகினோம். சமைக்கும்போதும், துணி மடிக்கும்போதும், பேச்சுக்கு நடுவிலும் திடீரென்று போனை அதிர வைப்பேன். அவர் ஒரு தடவைகூடத் தவறவில்லை. “பரீட்சையே வச்சிட்டியேடி, பாஸா பெயிலா?” என்றார். பாஸ் என்றேன்.

12. நாங்கள் பழகாமல் விட்டது ஒன்றே ஒன்று. அன்று அவர் கூடத்துக்குள் வந்தார். மங்கலான வெளிச்சம். வரிசை வரிசையாக நாற்காலிகள். முன்னால் பெரிய திரை. அமைதியாக உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். கையில் ஒரு போன். இந்த ஐந்தும் ஓர் இடத்தில் சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் போனை நீட்டி, “இதைக் கொஞ்சம் அணைச்சுக் குடுங்க” என்றிருக்கிறார். அதோடு விடவில்லை. “உங்களோடதையும் அணைச்சிடுங்க சார். பின்னாடி இருக்கறவங்களுக்குத் தொந்தரவு.”

13. அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சர்க்கரை நோயால் கண்ணில் இரத்தம் கசிந்து சிகிச்சைக்கு வந்தவர். அவரும் அணைத்தார். முன் வரிசையில் ஓர் அம்மாவும் அணைத்தார். மூவரும் அன்று ‘வரவில்லை’. சாயங்காலம் பெரியம்மாவைக் கூட்டிப்போக வந்த நான் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டபோது அவர் சிரித்தார்: “ஸ்டியரிங்கைப் பிடிச்ச நாள்லேர்ந்து கண்டக்டர் பேச்சையே நான் கேட்டதில்ல பாப்பா. இந்தம்மா சொன்னதும் கை தானா அணைச்சிருச்சு. அப்படி ஒரு குரல்.” அவரைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. அதற்குப் பிறகு அவரை இந்தக் கூடத்தில் நான் பார்க்கவில்லை. அவர் வந்தாரா வரவில்லையா என்பதைத் தங்கள் செயலியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியாது.

14. இதைப் படிக்கும்போது தங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கும் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவரும் நானும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தோம். வீட்டுக்கு வந்து, மிச்சம் இருந்த சொட்டு மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பது என் பழக்கம். அடியில் நகத்தளவு இருந்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

15. மூன்றாம் முறை நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தேன். போன் என் கையில், அணைக்கப்படாமல், ஒலி ஏற்றி வைக்கப்பட்டு இருந்தது. செய்தி வந்தது. பொத்தானை அழுத்தினேன். அப்போது செயலி புதிதாக ஒன்றைக் கேட்டது. நோயாளி தாமே வந்திருக்கிறாரா என்று உறுதி செய்ய வேண்டுமாம். முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவரவும் என்றது. போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். கொஞ்சம் இடப்பக்கம் என்றது. கொஞ்சம் விலகி என்றது. வட்டத்தை நேராகப் பாருங்கள் என்றது.

“எந்த வட்டம்டி?”

“போன்ல இருக்கு பெரியம்மா. பச்சையா ஒரு வட்டம்.”

“எனக்கு எல்லாமே வட்டம்தான். இதுல அவங்களோடது எது?”

16. பிறகு செயலி, திரையில் நகரும் புள்ளியைக் கண்களால் பின்தொடரவும் என்றது. அது நகர்ந்தது. அவர் கண் நகரவில்லை. வலது கண் எங்கோ சுவரைப் பார்த்தது. இடது கண் தேடியது. புள்ளி அதற்குள் அவருடைய சின்ன வட்டத்தை விட்டுப் போய்விட்டது. பெரியம்மா போனை நோக்கி, அதற்குள் யாரோ இருப்பதாக எண்ணி, மரியாதையாகவே கேட்டார்: “ஏங்க, இது என்னால முடிஞ்சா நான் எதுக்குங்க இங்க வரேன்?” செயலி சுழன்றது. ‘உயிருள்ள நபர் கண்டறியப்படவில்லை’ என்றது. சற்று நேரத்தில் ‘நோயாளி வரவில்லை’ என்றது. அடுத்த நொடியே பதிவு முடக்கப்பட்ட செய்தியும் வந்தது. அதில் ஒரு சிரிக்கும் முகம் வரைந்திருந்தது.

17. பகல் நேரத்தில் கூடத்தில் சம்பளம் வாங்கும் மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். வாசல் காவலர். அவரிடம் ஓடினேன். அவர் சொன்னதை அவர்மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் எழுதுகிறேன்: “நான் என்னம்மா பண்ணட்டும்? என்னைக் கதவைப் பாத்துக்கச் சொல்லித்தான் வேலைக்கு வச்சாங்க. இப்ப கதவு என்னைப் பாத்துக்குது.” அவர் காட்டிய உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். விரைவான சேவைக்குச் செயலியைப் பயன்படுத்தவும் என்றது. செயலியில் ‘துணை’ என்று ஒரு பேசும் பெட்டி இருக்கிறது. அதில் நான் எழுதியது: என் பெரியம்மா தங்கள் மருத்துவமனைக்குள்தான் இருக்கிறார், யாரையாவது அனுப்புங்கள். ‘துணை’ எழுதியது: தங்களுக்கு மிக அருகில் உள்ள கண் மருத்துவமனையைக் கண்டுபிடித்துவிட்டோம். அதன் கீழே ஒரு வரைபடம். அதில் இந்தக் கட்டடம். அதற்குள் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளி நாங்கள்.

18. நான் அந்தப் பெட்டியுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பெரியம்மா நாற்காலியிலேயே தூங்கிப்போனார். எழுந்ததும் கண்ட கனவைச் சொன்னார். கனவை மனுவில் எழுதக் கூடாது என்று எனக்குத் தெரியும். கனவு சாட்சி ஆகாது. ஆனால் தங்கள் பதிவேட்டில் இருப்பதைவிட அதில் உண்மை கூடுதலாக இருப்பதால் எழுதுகிறேன்.

19. கனவில் இந்தக் கூடம் அவருடைய தியேட்டராக இருந்திருக்கிறது. கையில் பழைய டார்ச். திரையில் மேகம். ஒரு வரிசை விடாமல் எல்லா நாற்காலியிலும் ஆட்கள். அவர் மெதுவாக நடந்து ஒவ்வொருவராக வெளிச்சம் காட்டிக்கொண்டு போகிறார். எல்லாருமே ‘வரவில்லை’ என்று பதியப்பட்டவர்கள். பஸ் டிரைவர் இருக்கிறார். முன் வரிசை அம்மா இருக்கிறார். கம்பு வைத்திருப்பவர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியவர்கள். எல்லாரும் உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறார்கள், சீட்டு இல்லை என்று. நடு வரிசையில் என் அம்மா. “உங்கம்மா என்னைப் பாத்து, அக்கா, வெளிச்சத்தை மூஞ்சில அடிக்காதன்னா. எப்பவும் சொல்றதுதான். நீ எங்கடி இங்கன்னு கேட்டேன். நானும் வரலையாம்க்கான்னு சொல்லிட்டுச் சிரிச்சா.” பிறகு டார்ச் வெளிச்சம் சுருங்க ஆரம்பித்ததாம். முதலில் வரிசை மறைந்தது, பிறகு நாற்காலி மறைந்தது, பிறகு முகம். ஒரு புள்ளி மிஞ்சியபோது விழித்துவிட்டார். விழித்த பிறகும் எது கனவு என்று பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மேகம் அப்படியே நகர்ந்துகொண்டிருந்தது.

20. மருந்து. தங்கள் மருந்தகத்திலும் இப்போது ஆள் இல்லை, இயந்திரம்தான் இருக்கிறது. செயலியில் வரும் கட்டத்தைக் காட்டினால் குப்பி விழும். பதிவு முடங்கினால் கட்டம் வராது. வெளிக்கடையில் கேட்டேன். பழைய சீட்டு செல்லாது, மருத்துவரின் புதுச் சீட்டு இல்லாமல் தர மாட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. மருத்துவரைப் பார்க்கப் பதிவு வேண்டும். முடங்கிய பதிவைத் திறக்க மேல்முறையீடு செய்ய வேண்டும். மேல்முறையீட்டைச் செயலியில்தான் செய்ய வேண்டும். அதற்கு முகத்தை வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

21. காலை ஒரு சொட்டு, மாலை ஒரு சொட்டு என்பதை அவர் எனக்குத் தெரியாமல் காலை மட்டும் என்று ஆக்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, “மருந்து தீந்துட்டா நீ மறுபடி லீவு போடணும்ல” என்றார். இப்போது குப்பி காலி.

22. பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்க எங்களிடம் கருவி கிடையாது. எங்கள் ஜன்னலுக்கு எதிர் மாடியில் துணி காயப் போடும் கயிறு ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் ஜன்னலில் நின்றபடி, கயிறு முழுக்க என்னென்ன காய்கிறது, எதிர் வீட்டில் யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பதுவரை சொல்வார். பிறகு மூன்று சட்டை தெரிகிறது என்றார். போன வாரம் ஒரு சட்டை. “பாவம்டி, கையில்லாத சட்டை போடறாரு போல” என்றார். நான் போய் நின்று பார்த்தேன். சட்டைக்கு இரண்டு கையும் இருந்தன. காற்றில் நன்றாக விரிந்து ஆடிக்கொண்டிருந்தன. அவருடைய வட்டத்துக்கு வெளியே. சொல்ல மனம் வராமல், ஆமாம் பெரியம்மா என்றேன்.

23. தாங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். வீட்டில் உள்ள இளையவர்கள் உதவலாமே என்பீர்கள். உதவிய இளையவள்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் போன் தெரியும், செயலி தெரியும், கண் இரண்டும் நன்றாகத் தெரியும். என்னாலேயே முடியவில்லை. இப்படி ஒருத்திகூட இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று தங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருக்க வழி இல்லை. அவர்கள் வரவில்லை என்றுதானே பதிவாகிறார்கள். செயலி வந்த பிறகு கூட்டம் குறைந்துவிட்டது என்று தங்கள் சுவரொட்டி பெருமையாகச் சொல்கிறது. நோய் குறைந்ததால் கூட்டம் குறையவில்லை ஐயா. கண் தெரியாதவர்களைக் கண்ணால் வடிகட்டினால் கூட்டம் குறையத்தான் செய்யும்.

24. செயலியை மூடச் சொல்லவில்லை. யாரால் முடியுமோ அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நான் கேட்பவை இவை. என் பெரியம்மாவின் பெயருக்கு எதிரே உள்ள மூன்று பொய்யையும் அழித்து, ‘வந்தார், நாங்கள் பார்க்கவில்லை’ என்று எழுத வேண்டும். இன்றே அவரை ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். மருந்து தர வேண்டும். ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டும். அந்தக் கூடத்தில் ஒரு மேசை போட்டு ஓர் ஆளை உட்கார வைக்க வேண்டும். எரிந்து விழுகிற ஆளானாலும் பரவாயில்லை. இருட்டில் வருகிறவரிடம் பக்கத்தில் போய், நீங்கள் யார் என்று கேட்டு, கையைப் பிடித்து இடத்துக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். எலி ஓடிய தியேட்டரில்கூட அதற்கு ஓர் ஆள் போட்டிருந்தார்கள்.

25. இந்த மனுவையும் செயலியில்தான் அனுப்ப வேண்டும் என்று வாசலில் எழுதியிருக்கிறது. நான் தாளில் எழுதியிருக்கிறேன். காவலர் தம் உணவு இடைவேளையில் மேலே கொண்டுவந்து தங்கள் கதவுக்கு அடியில் தள்ளுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு என் நன்றி. இன்று எங்களுக்குப் பதிவு இல்லை, முறை இல்லை, கதவைத் திறக்கும் கட்டம் இல்லை. வேறொருவருக்குக் கதவு திறந்தபோது அவர் பின்னாலேயே நுழைந்துவிட்டோம். காவலர் அந்த நேரம் பார்த்துக் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினார்.

26. என் பெரியம்மா இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதே நாற்காலி. தலையைக் கொஞ்சம் தூக்கி, தன் வட்டத்தைத் திரைமேல் வைத்து, அதில் மேகம் வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீல வெளிச்சத்தில் அவர் முகம் தூக்கத்தில் சிரிக்கிற முகம் போல இருக்கிறது. நான் எழுதும் சத்தம் கேட்டு, “யாருக்குடி?” என்றார். மேலே இருக்கிறவருக்கு என்றேன். “கடவுளுக்கா?” என்றார். இல்லை, இயக்குநருக்கு என்றேன். “அப்ப மரியாதையா எழுது” என்றார். முடிந்தவரை எழுதியிருக்கிறேன்.

27. ஆகவே ஐயா, அம்மையீர், கடைசியாக ஒன்று கேட்கிறேன். இதற்குச் செயலி தேவையில்லை, பதிவு எண் தேவையில்லை. மேல் தளத்திலிருந்து இறங்கி வாருங்கள். கடைசி வரிசைக்கு வாருங்கள். பெரியம்மாவுக்கு நேர் முன்னால், அவருடைய வட்டத்துக்குள் வந்து நில்லுங்கள். அவரைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவர் காதில் விழும்படி, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள்: அவர் வந்திருக்கிறாரா, இல்லையா?

நாள்: இன்று.
இடம்: காத்திருப்புக் கூடம், கடைசி வரிசை.

இப்படிக்கு,
நோயாளியின் தங்கை மகள் (கையொப்பம்)
நோயாளி (கையொப்பம் – கோட்டை விட்டு இறங்கி என் பெயர்மேல் விழுந்திருப்பது அவருடையதுதான்)

இயக்குநர் தம் கையால் நிரப்புவதற்கு:

நோயாளி வந்திருக்கிறார் / வரவில்லை. (பொருந்தாததை அடிக்கவும்)

இயக்குநர் கையொப்பம்: ..............................